அடிக்கு அரை சென்டிமீட்டர் சேதாரம்

உங்கள் உயரம் என்ன என்று கேட்டால் நம் வயதுக்காரர்கள் யாரும் சென்டிமீட்டரில் பதில் சொல்வதில்லை. ஐந்தடி மூன்று, ஐந்தடி எட்டு என்றுதான் சொல்கிறோம். அறுபது வருடமாக மெட்ரிக் தேசத்தில் குடியிருந்தும் பூவை முழத்திலும் மனையைச் சதுர அடியிலும் தொலைக்காட்சிப் பெட்டியை அங்குலத்திலும் வாங்குகிறோம். துணிக்கு மட்டும் மீட்டர். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஓர் அளவில் பிறந்து இன்னோர் அளவில் ஓய்வு பெறுவது என்ன என்று அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

நான் வருவாய்த் துறையில் இருந்தவள். மனுதாரரிடம் ஏக்கரில் பேசி, கோப்பில் ஹெக்டேரில் எழுதி, திரும்ப அவரிடம் சென்ட்டில் விளக்கியே பாதி ஆயுள் போயிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் உதிரும். உதிர்ந்ததை எந்தக் கலத்தில் காட்ட வேண்டும், எவ்வளவு வரை காட்டாமல் விடலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. எனக்கு மனப்பாடம். அந்த விதிகளைப் படிப்பதற்கு வெகு காலம் முன்பே, ஐந்தாம் வகுப்பில், அப்படி உதிர்ந்த ஒன்று எங்கள் வீட்டில் யார் தலையில் விழுந்தது என்று பார்த்திருக்கிறேன். உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது. உங்களுக்கும் வேறு வேலை இல்லை.

எங்கள் ஊர் உத்திரமேரூர் கடைத்தெருவிலிருந்து இரண்டு பீடி தூரம். கடைத்தெரு முனையில் பற்ற வைத்த பீடி தீர்ந்து, இன்னொன்று பற்ற வைத்து, அது விரலைச் சுடும் இடத்தில் எங்கள் ஊர் வேப்பமரம் நிற்கும். இதை யாரும் கேலியாகச் சொன்னதில்லை. அதற்கும் குறைவான தூரம் என்றால் கூப்பிடு தூரம். கிணற்றின் ஆழம் ஆள் கணக்கு. எந்த ஆள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கிணற்றையே தூர்த்துவிட வேண்டியிருந்திருக்கும்.

இந்த ஊருக்குத்தான் மீட்டர் வந்தது. கொண்டுவந்தவர் என் அப்பா. ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர். காஞ்சிபுரத்தில் நடந்த மெட்ரிக் பயிற்சிக்குப் போய்விட்டு, கையில் ஒரு மர அடிக்கோலோடு சாயங்கால பஸ்ஸில் இறங்கினார். மஞ்சள் வார்னிஷ் போட்ட கோல். புது வார்னிஷின் நெடி ஒரு வாரம் வீட்டில் இருந்தது. ஒரு விளிம்பில் பன்னிரண்டு அங்குலம், மறு விளிம்பில் முப்பது சென்டிமீட்டர். அதைத் தொட எங்கள் யாருக்கும் அனுமதியில்லை, முதுகால் தவிர.

அந்தக் கோலில் ஒரு சின்ன விஷயம் இருந்தது. பன்னிரண்டாவது அங்குலக் கோடு கோலின் நுனியில் போய் முடிந்தது. முப்பதாவது சென்டிமீட்டர் கோடு நுனிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. அரிசி மணியைப் படுக்க வைக்கிற இடம். இரண்டும் ஒன்று என்றால் ஏன் ஒன்றாக முடியவில்லை என்று நான் கேட்டேன்.

அப்பா கோலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அது சேதாரம்" என்றார். "நகைல பத்தர் சேதாரம் போடறதில்லையா? மரம் அறுக்கும்போது கொஞ்சம் அப்படி இப்படிப் போகும். அடிக்கு முப்பது. அவ்வளவுதான்."

சேதாரம் என்ற சொல் எனக்குப் பிடித்துப்போனது. உடைந்த பலப்பம், சிந்திய மோர், கூட்டலில் விட்டுப்போன மீதி எல்லாமே அந்தப் பருவத்தில் எனக்குச் சேதாரம்தான்.

அப்பா ஊருக்கு அளவு மாற்றித் தரும் அதிகாரி ஆனார். பூக்காரி முழத்தை நாற்பத்தைந்து சென்டிமீட்டர் என்று நிர்ணயம் செய்தார். பூக்காரி முழங்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"இதான் சாரு என் மொயம். சர்க்காருக்கு வேணும்னா வெட்டி அனுப்பிச்சிடு. நாளைக்கி பூ கட்ட நீ வந்து குந்து."

கடைத்தெருவில் ஜவுளிக்கடை பாய் வேறு விதமாகச் சமாளித்தார். அவரிடம் இரண்டு இரும்புக் கோல்கள் இருந்தன. முத்திரை அடித்த புது மீட்டர் கோல், ஆய்வாளர் கண்ணில் படும்படி ஆணியில் தொங்கியது. பழைய மூன்றடிக் கஜக்கோல் பாயின் தொடைக்கும் துணி மூட்டைக்கும் நடுவில் இருந்தது. ஜனங்கள் கஜம் கேட்டார்கள், சட்டம் மீட்டர் கேட்டது. பாய் இரண்டு பேரையும் ஒரே வாக்கியத்தில் திருப்திப்படுத்தினார்.

"மீட்டருன்னா ஒண்ணும் பேஜார் இல்லம்மா. கஜமும் நாலு வெரலும்."

"யாரு வெரலு பாய்?"

"என் வெரலுதான். கட என்னுது ஆச்சே."

அப்பாவுக்கு இது ஆகாது. விரல் அரசாங்க அளவில்லை என்பார். ஆனால் இப்போது யோசித்தால், பாயின் தடித்த நாலு விரலைக் கஜத்தோடு சேர்த்தால் மீட்டருக்கு அநேகமாகச் சரியாக வந்துவிடும். அப்பாவின் முப்பதைவிட அது சுத்தமான கணக்கு. பாய் அதைக் கண்டுபிடித்தது துணி நஷ்டமாகக் கூடாதே என்ற கவலையில். மெட்ரிக்மீது அவருக்கு மரியாதை ஒன்றும் கிடையாது.

பாயின் கடை வாசலில் ஒரு தையற்காரர் மிஷின் போட்டிருந்தார். எங்கள் ஊர்க்காரர். அவருடைய மகனும் என் தாய்மாமனும் ஒன்றாகப் படித்து ஒன்றாக நிறுத்தியவர்கள். மாமா அம்மாவின் தம்பி. பெற்றோர் போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தார். என் அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார், அக்காள் புருஷன் என்ற முறையில். அதனால் எங்கள் வீட்டில் மாமா என்று குரல் கொடுத்தால் இரண்டு ஆண்கள் சம்பந்தப்பட்டிருப்பார்கள்.

மாமாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, போலீஸ். அது ஆசையாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. பழையசீவரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார்கள். மாமாவுக்கும் பிடித்திருந்தது, அந்தப் பெண்ணுக்கும் பிடித்திருந்தது என்று அம்மா சொல்வாள். பெண்ணின் தகப்பனார் வெற்றிலையை மடித்தபடி, "யூனிபாரம் போட்டுக்கினு வரட்டும், மறு பேச்சு பேசாம தரேன். அது இல்லாம தர்றதுக்கு எம்பொண்ணுக்கு இன்னா கொற?" என்று சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வருடம் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது மாமா செங்கல்பட்டு போய், மார்பளவில் அரை அங்குலம் குறைந்து, சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு கடைத்தெருவில் அவருக்குப் பெயரே 'அரையங்குலம்'. சைக்கிளில் போனால் பின்னாலிருந்து யாராவது கத்துவார்கள். இந்த வருடம் விட்டால் போலீசுக்கு வயது தாண்டிவிடும்.

மார்பை அவர் சரி செய்துவிட்டார். தண்டால் எடுத்தார், ஊறவைத்த வேர்க்கடலை தின்றார். அம்மா கோழி முட்டையைப் பச்சையாக உடைத்துத் தம்ளரில் ஊற்றித் தருவாள். குடிக்கும்போது அவர் கண்ணை மூடுவதைப் பார்க்க நான் ஓடி வருவேன். உயரத்தைப் பற்றிக் கவலையே இல்லை. பாய் கடையில் கதவு நிலையோடு நிற்க வைத்து, கஜக்கோலால் அளந்து, பென்சில் கோடும் போட்டிருந்தார்கள். ஐந்தடி ஆறரை அங்குலம். தையற்காரர் மகன் கால் அங்குலம் குறைவு. அவனுடைய கோடு மாமாவின் கோட்டுக்குக் கீழே, துணிக்குப் போடும் சாக்குக் கட்டியால் போட்டிருந்தது.

ஒரு நாள் காலை டீக்கடைப் பேப்பரில் அறிவிப்பு வந்தது. குறைந்தபட்ச உயரம் நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.

மாமா பேப்பர் துண்டோடு ஓடி வந்தார். வேப்பமரத்தடி மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டார். அடிக்கு முப்பது என்று அப்பா ஊருக்கே சொல்லியிருந்தார். நூற்று அறுபத்தெட்டை முப்பதால் வகுத்தார். ஐந்து புள்ளி ஆறு. குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார்.

"பாப்பா, அஞ்சடி ஆறு அங்குலம்தான்! நான் ஆறரை! அரையங்குலம் ஜாஸ்தி! எவன்டா இனிமே அரையங்குலம்னு கூப்புடுவான்? கூப்புட்டுக்கடா, நல்லாக் கூப்புட்டுக்க!"

அப்பா அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தார். மண்ணில் இருந்த கணக்கை நின்று பார்த்தார். பள்ளிக்கூடத்தில் தப்பான கணக்கைப் பார்த்தால் அவர் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆயிற்று. கோபமில்லை, ஒரு மாதிரி உற்சாகம்.

"ஏன்டா, அடிக்கு எத்தனை அங்குலம்?"

"பன்னண்டு மாமா."

"பத்தா?"

"பன்னண்டு."

"அப்ப புள்ளி ஆறுன்னா எப்படி ஆறு அங்குலம் ஆவும்? பத்துல ஆறு பங்குடா அது. பன்னண்டு அங்குலத்தப் பத்தாப் பிரிச்சு ஆறு பங்கு எடுத்தா ஏழு அங்குலத்துக்கு மேல வரும். எட்டாவது படிச்சவன் புள்ளி கணக்குல இப்படி விழுந்தா நாளைக்கி எஃப்.ஐ.ஆர். எப்படி எழுதுவ?"

குந்தி உட்கார்ந்து தானே போட்டுக் காட்டினார். ஐந்தடி ஏழு அங்குலம், அதற்கு மேலும் கொஞ்சம். மாமா முக்கால் அங்குலம் குறைவு.

கணக்கு அப்பழுக்கற்றது. பிழை கண்டுபிடித்த சந்தோஷம் அப்பாவின் குரலில் இருந்தது; அந்தப் பிழையின் மறுபக்கத்தில் ஒருவனின் கல்யாணம் இருந்தது என்பது ஒரு நிமிடம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. பிறகு மெதுவாக, "பாக்கலாம், வேற வேல இல்லாமயா போச்சு" என்றார்.

அம்மா அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாய் கடைல புதுக் கோலு ஒண்ணு தொங்கிக்கினு கீதே, அத்த எடுத்தாந்து நேரா இவன் மேல வெச்சிப் பாத்துட்டா ஆவாதா?"

"அதுல கால், அரை, முக்கால்னுதான் கோடு. சென்டிமீட்டர் கோடு கிடையாது."

"மிச்சத்துக்கு நம்ம மஞ்சக் கோலு கீதே."

"கணக்கு இருக்கும்போது கோல் எதுக்கு?" என்றார் அப்பா.

இந்த வாக்கியத்தைப் பிற்காலத்தில் அலுவலகத்தில் வேறு வேறு குரல்களில் கேட்டேன். கோப்பு இருக்கும்போது நிலத்தைப் போய்ப் பார்ப்பானேன். சான்றிதழ் இருக்கும்போது ஆளைக் கூப்பிடுவானேன். சொன்னவர்கள் எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள், ஒழுங்கானவர்கள். அப்பாவும் அப்படித்தான். அம்மா உள்ளே போய்விட்டாள். எங்கள் வீட்டில் புத்திசாலித்தனமான யோசனைகள் எல்லாம் அடுப்படியிலிருந்து வந்து அடுப்படிக்கே திரும்பிப் போகும்.

அதற்குப் பிறகு முக்கால் அங்குலம் வளர்வதற்கான பருவம் ஆரம்பித்தது. மாமா பம்புசெட் கொட்டகையின் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் தொங்கினார். காலில் சாக்குப் பை கட்டி, பையில் கல் போட்டார். கை வழுக்காமல் இருக்க நான் சாம்பல் கொண்டுவந்து கொடுப்பேன். உள்ளங்கையில் தோல் உரிந்து, சாம்பல் பட்டு எரிய, பல்லைக் கடித்துக்கொண்டு தொங்குவார். கொட்டகைக்குள் டீசலும் ஈர மண்ணும் கலந்த வாசனை. யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

"தல மயிர வெட்டாத, ஒரு அங்குலம் அதுலயே வந்துடும்" என்றார் முடிவெட்டுகிறவர்.

"பலகைய வெச்சி அமுக்கி அளப்பாங்கய்யா."

"அப்ப குதிகால்ல எருமத் தோலு ஒட்டிக்க. பாதம் மாதிரியே கீது, யாருக்குத் தெரியும்?"

தையற்காரர் மட்டும் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இன்னாத்துக்குடா இப்டி உத்திரத்துல உறி மாதிரி தொங்கிக்கினு கீற? நூத்தி அறுவத்தெட்டோ இன்னாவோ, போயி நில்லு. அவனுங்க வாயால சொல்லட்டும் நீ குள்ளம்னு. நீயே சொல்லிக்கினா எப்டி? எம்புள்ள போறான். அவன் உன்னவிட ஒசரமா?"

மாமா கொட்டகைக்கே திரும்பிப் போனார். போய் நின்று, பலகைக்குக் கீழே நின்று, அத்தனை பேர் முன்னால் 'தள்ளி நில்லு' என்று மறுபடி கேட்பதை நினைத்திருப்பார். அடுத்த பெயர் தயாராகவே இருந்தது. முக்கால் அங்குலம்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நிலைக்கதவில் சாய்ந்து நிற்பார். நான் முக்காலிமேல் ஏறி மஞ்சள் கோலைத் தலையில் படுக்க வைக்க வேண்டும். அதற்கு மட்டும் எனக்கு அனுமதி கிடைத்தது. கோடு ஐந்தடி ஆறரையிலேயே இருந்தது. ஒரு முறை, பார்க்கச் சகிக்காமல், இன்னும் கொஞ்சம் மேலே என்று சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவரே நகர்ந்து, கோட்டைப் பார்த்துவிட்டார்.

தேர்வு நாளன்று முதல் பஸ்ஸுக்குத் தையற்காரர் மகன் வந்து வாசலில் கூப்பிட்டான். அம்மா இட்லி கட்டி வைத்திருந்தாள். வெள்ளைச் சட்டை கொடியில் காய்ந்திருந்தது.

மாமா உள்ளிருந்தே, "நீ போ, நான் வர்ல" என்றார்.

"டேய், வண்டி வந்துடும்டா. அலம்பல் பண்ணாத."

"வர்ல."

அப்பா கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். "போகாததே நல்லது. தெரிஞ்சே போய் அவமானப்பட வேணாம்" என்றார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. மாமாவை ஓர் அவமானத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்றே நம்பினார். பஸ் ஹாரன் வேப்பமரத்தைத் தாண்டிப் போவது வீட்டுக்குள் கேட்டது. அந்த இட்லியை அன்று நாங்கள்தான் நாஷ்டாவுக்குத் தின்றோம்.

தையற்காரர் மகன் தேறிவிட்டான்.

சாயங்கால பஸ்ஸில் இறங்கி நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். முகமெல்லாம் வெயிலில் கறுத்து, சட்டைப் பித்தானைக்கூடச் சரியாகப் போடாமல்.

"ஏன்டா வரல நீ? வரிசைல உன்னத் தேடிக்கினே இருந்தேன். பலக தலைல தொட்டும் தொடாம போச்சு, பாஸுன்னு சொல்ட்டாங்க! நீ வந்திருந்தா சொம்மா அப்டியே..."

மாமா தொட்டி ஓரமாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமல் கேட்டார்.

"எவ்ளோ குடுத்த?"

"இன்னாது?"

"காசு எவ்ளோ குடுத்தன்னு கேக்கறேன்."

அவன் பித்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அப்பா அன்றைக்கு அதைத் தர்க்கரீதியாக விளக்கினார். அவன் மாமாவைவிடக் கால் அங்குலம் குறைவு, பாய் கடைக் கதவே சாட்சி. வேண்டியது ஐந்தடி ஏழுக்கு மேல், கணக்கே சாட்சி. ஆகவே அவன் அளவில் தேறியிருக்க முடியாது. தேறியிருக்கிறான். எனவே வேறு வழியில்தான். "நீங்களே புரிஞ்சுக்கங்க" என்று முடித்தார். கேட்டவர்கள் அனைவரும் புரிந்துகொண்டார்கள். தலைமையாசிரியர் சொன்ன கணக்கு. ஒரு வாரத்தில் அது ஊர் வழக்காகிவிட்டது. தையற்காரர் மிஷினை அடகு வைத்துக் கொடுத்தாராம் என்று மேலும் ஒரு நூல் சேர்ந்தது. மிஷின் பாய் கடை வாசலில் எல்லார் கண்ணெதிரிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் வீட்டுத் துணி அதற்குப் பிறகு அவரிடம் போகவில்லை. பொங்கலுக்கு என் பாவாடையை வேறொருவர் தைத்தார். இடுப்பு இறுக்கமாக இருந்தது. அம்மா, "அவரு கை வராது" என்று சொல்ல வந்து, அப்பாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பழையசீவரத்துப் பெண்ணைக் காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குக் கொடுத்தார்கள். மாமா அரிசி ஆலையில் எடை போடப் போனார். பிற்பாடு கல்யாணமும் ஆயிற்று. அத்தை நல்லவள். அதைப் பற்றிப் புகார் இல்லை.

அந்தப் பொங்கல் கழிந்த பிறகு அப்பாவிடம் ஒரு மாற்றம் வந்தது. நான் வாய்ப்பாட்டில் 'அடிக்கு முப்பது' என்று சொன்னேன். மஞ்சள் கோல் முழங்கையில் விழுந்தது.

"முப்பது புள்ளி நாலு எட்டு."

"நீங்கதான முப்பதுன்னு..."

"முப்பது புள்ளி நாலு எட்டு. சொல்லு."

சொன்னேன். தினமும் சொன்னேன். பாடத்திட்டம் மாறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாமாவிடமும் அவர் மாறிப்போனார். தன் சைக்கிளைக் கொடுத்தார். சாப்பிட உட்காரும்போது மாமாவுக்கு முதலில் போடச் சொன்னார். வேப்பமரத்தடியில் யாராவது போலீஸ் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியர் அடியைச் சென்டிமீட்டராக மாற்றச் சொன்னபோது நோட்டு ஓரத்தில் சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்று அறுபத்தெட்டு வகுத்தல் முப்பது புள்ளி நாலு எட்டு. ஐந்தரை அடி. ஐந்தடி ஆறு அங்குலம், மேலே ஒரு நூலிழை. மாமா மண்ணில் குச்சியால் எழுதிய அதே விடை. அவருடைய கணக்கில் இரண்டு பிழைகள் இருந்தன. ஒன்றை ஒன்று சாப்பிட்டுவிட்டு விடையைச் சுத்தமாக வைத்திருந்தன. படித்தவரான அப்பா அதில் ஒன்றை மட்டும் திருத்தினார். மற்றது அவர் மரத்தச்சன் தலையில் கட்டிய சேதாரம். ஐந்தரை அடிக்கு அது ஓர் அங்குலம் வரும்.

அப்பா கடைசிவரை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு அவரைப் புரிகிறது. அரசாங்கத்தில் ஓர் உத்தரவைத் தப்பாகப் போட்டால் திருத்த உத்தரவு போடலாம், மேல்முறையீடு உண்டு, சீராய்வு உண்டு, காலம் கடந்தால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு உண்டு. வேப்பமரத்தடியில் போட்ட உத்தரவுக்கு எந்தப் படிவத்தில் போவது?

போன ஆனி மாதம் உத்திரமேரூரில் ஒரு மருத்துவ முகாம். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நான்தான் ஆட்டோவில் கூட்டிப்போனேன். செவிலியர் பெண் சுவரோடு நிற்க வைத்து உயரம் பார்த்தாள்.

"நூத்தி அறுபத்தி நாலு தாத்தா."

"கொறஞ்சிட்டேனா? வேலைக்கி எடுக்க மாட்டியா?" என்றார் மாமா.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே மர நிழலில் பெஞ்சில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். முப்பது, முப்பது புள்ளி நாலு எட்டு, ஓர் அங்குலம், எல்லாவற்றையும். அவர் மாத்திரைக் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்போ தெரியும்?"

"உங்கப்பா உன்ன ஒதச்சி ஒதச்சி வாய்ப்பாடு சொல்ல வெப்பாரே, அப்ப நான் மாட்டுக் கொட்டாய்ல தானே இருந்தேன். காதுல வுயாதா? மறுநாளு மில்லுல அரிசி மேலயே வெரலால போட்டுப் பாத்தேன்."

"அப்பாவை ஒண்ணும் கேக்கலையா?"

"இன்னான்னு கேக்கறது? சோறு போட்ட மனுசன். அவருக்கே மூஞ்சி செத்துப்போச்சி. அத்த வுடு." கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அந்தப் பையன் காசு குடுக்கலன்னும் அப்பவே தெரியும். அதையும்தான் நான் சொல்லல. காசு குடுத்து என் வேலைய அடிச்சிக்கினு போய்ட்டான்னு ஊரு பேசறப்போ எனக்கு ஒரு மரியாத இருந்திச்சி. கணக்கு தெரியாம வூட்ல குந்திக்கினு இருந்த லூசுன்னா இன்னா மரியாத? தையக்காரரு சாவறவரைக்கும் எங்கிட்டப் பேசல. நல்லவரு."

பெஞ்சைப் பிடித்து எழுந்தபடி, "அவன் வூடு இங்கதானே கீது, கூட்டிக்கினு போ" என்றார்.

ஓய்வு பெற்ற அந்தப் போலீஸ்காரர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் வீடு கட்டியிருக்கிறார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமாவை அடையாளம் தெரிந்து எழப் பார்த்தார், முடியவில்லை. காது சுத்தமாகப் போய்விட்டது என்று மருமகள் சொன்னாள்.

மாமா அவர் எதிரே நின்றார். அறுபது வருடத்தில் தயார் செய்திருப்பார் போலிருக்கிறது, நேராக ஆரம்பித்தார்.

"டேய், நீ காசு குடுக்கலடா!"

"ஆங்?"

"காசு! நீ குடுக்கல! எனக்குத் தெரியும்!"

"காசா? எவ்ளோ வேணும்?"

"அய்யோ, போலீசுல சேர்றப்போ! லஞ்சம்! குடுத்து சேந்தன்னு சொன்னாங்களே, நீ குடுக்கலன்னு சொல்றேன்!"

மாமாவின் குரல் அரிசி ஆலை இரைச்சலுக்குப் பழகிய குரல். எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்தியவள் நின்றாள். வண்டி துடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். எல்லாரும் சின்ன வயதுக்காரர்கள். பழைய பேச்சைப் பேசியவர்களும் கேட்டவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து, அந்தத் தெருவில் அதை அறிந்த ஆளே மிஞ்சியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். தாமதம்.

"எங்க மாமனாரு லஞ்சம் குடுத்தா வேலைல சேந்தாரு?" என்றாள் மருமகள், என்னிடம், தணிந்த குரலில்.

"இல்லம்மா. குடுக்கல. அதைத்தான் சொல்றாரு. அப்போ உயரம் சென்டிமீட்டர்ல கேட்டிருந்தாங்க, அடிக்கு முப்பதுன்னு ஒரு..."

"இருங்கம்மா, அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று உள்ளே போனாள்.

போலீஸ்காரர் மாமாவின் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். "இன்னா கத்திக்கினு கீறான் இவன்?" என்று என்னைக் கேட்டார். நான் அவர் காதருகே குனிந்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ உத்தரவுகளை எளிமையாக விளக்கியவள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தாராம்" என்றேன்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா இவனுக்கு?" என்று சிரித்தார். மாமாவின் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மாமாவும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். காபி வந்தது. சர்க்கரை போடாதது ஒன்று, போட்டது ஒன்று. மாமாவின் முகத்தில் வெகு நாள் கழித்து ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. ஏனாத்தூர் கல்லூரியில் படிக்கிற பேரனிடம் மருமகள் கேட்டது எனக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது.

"டேய், உங்க தாத்தா லஞ்சம் குடுத்து சேந்தவராமே, உனக்குத் தெரியுமா?"